தோற்றுக் கொடுத்தவளை மறந்த படம்

எங்கள் வீட்டில் ரெஸ்லிங் போட்டாலே அப்பா சொல்லும் வாசகம் ஒன்றுதான்: “எல்லாம் செட்டப்புடா, போய்ப் படி.” அண்டர்டேக்கர் சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்தாலும் சரி, ராக் ஒற்றைப் புருவத்தைத் தூக்கினாலும் சரி, அதே வாசகம். அதற்குப் பதில் சொல்ல முடியாமல் பல வருடம் தவித்திருக்கிறேன். செட்டப்பு என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ட்ரம்ப் கார்டு வைத்துக்கொண்டு உயரம், எடை, மார்பளவு, எத்தனை சண்டை என்று பீரியட் முழுக்க விளையாடியிருக்கிறோம். என் கார்டுக் கட்டில் ஒரு பெண்ணின் கார்டுகூடக் கிடையாது என்பது அப்போது உறைக்கவே இல்லை.

அந்தப் பழைய தவிப்புக்கு ஒரு சினிமாவாவது பதில் சொல்லும் என்று நினைத்துத்தான் ‘ஃபைட்டிங் வித் மை ஃபேமிலி’யைப் போட்டேன். 2019-ல் வந்த படம், நான் பார்த்தது ரொம்பத் தாமதமாக. மொத்தம் இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை கடைசிக் காட்சியில் தொண்டை அடைத்தது. அப்புறம் உண்மையில் நடந்ததையெல்லாம் தேடிப் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தபோது அதே காட்சியில் எரிச்சல்தான் வந்தது. ரெஸ்லிங் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு இது நல்ல குடும்பப் படம், தாராளமாகப் பார்க்கலாம். கொஞ்சம் தெரிந்தவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல், நான் எழுதப்போவதும் அதைத்தான். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், தெரிய வேண்டாம் என்பவர்கள் இப்போதே எழுந்துகொள்ளலாம்.

கதை இதுதான். இங்கிலாந்தில் நாரிச் என்று ஓர் ஊர். அங்கே ரிக்கி, அவர் மனைவி ஜூலியா, பிள்ளைகள் என்று ஒரு குடும்பமே ரெஸ்லிங் ஆடிப் பிழைக்கிறது. சொந்தமாக ஒரு சின்னக் கம்பெனி, சின்னச் சின்ன ஹால்களில் ஷோ, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. மகன் ஸாக், மகள் சராயா இரண்டு பேருக்கும் டபிள்யூடபிள்யூஇ என்ற பெரிய அமெரிக்க ரெஸ்லிங் கம்பெனிதான் கனவு. லண்டனில் நடக்கும் தேர்வுக்கு இருவரையும் கூப்பிடுகிறார்கள், தங்கையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அவள் அமெரிக்கா போய், பெய்ஜ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, தடுமாறி, அழுது, கடைசியில் பட்டம் வாங்குகிறாள். அண்ணன் ஊரிலேயே கிடந்து நொந்துபோகிறான். உண்மைக் குடும்பம், உண்மைப் பெயர்கள். 2012-ல் சேனல் 4 இவர்களைப் பற்றி ஒரு டாக்குமெண்டரி எடுத்தது. ஷூட்டிங்குக்காக லண்டனில் தங்கியிருந்த ட்வெய்ன் ஜான்சன், அதாவது நம்ம ராக், ஹோட்டல் ரூம் டிவியில் தற்செயலாக அதைப் பார்த்துவிட்டு, இதைப் படமாக்கியே தீருவது என்று ஸ்டீபன் மெர்ச்சண்டைப் பிடித்தாராம். எழுதி இயக்கியது மெர்ச்சண்ட், தயாரிப்பில் ராக்கின் கம்பெனியும் இருக்கிறது, டபிள்யூடபிள்யூஇ-யின் பட நிறுவனமும் இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாரிச் பகுதி அருமை. முதல் காட்சியே போதும்: அண்ணனும் தங்கையும் சின்னப் பிள்ளைகள், டிவியில் எதைப் பார்ப்பது என்று கட்டிப் புரள்கிறார்கள், அண்ணன் தங்கையின் கழுத்தை வளைத்துப் பிடித்துவிடுகிறான், அப்பா உள்ளே நுழைகிறார், செம அடி விழப்போகிறது என்று நாம் நினைத்தால் மனிதர் பக்கத்தில் வந்து நின்று, பிடி சரியில்லை, கையை இப்படிக் கோர்த்தால்தான் இறுகும் என்று திருத்திக் கொடுக்கிறார். இந்த வீடு எப்படிப்பட்டது என்று அரை நிமிடத்தில் சொல்லியாகிவிட்டது. ஸாக்கின் காதலியுடைய அப்பா அம்மா சாப்பிட வருகிற காட்சியும் அப்படித்தான். அவர்கள் நாசூக்கான மனிதர்கள், இவர்களோ ஜெயில் கதையை உப்பு நகர்த்துகிற சாவகாசத்தோடு பேசுகிறவர்கள். நிக் ஃப்ராஸ்டும் லீனா ஹெடியும் புருஷன் பெண்டாட்டியாக அடிக்கிற லூட்டியில் நான் இரண்டு இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். உச்சரிப்பு புரியாமல் சப்டைட்டில் போட்டுத்தான் பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

பெய்ஜாக வரும் ஃப்ளோரன்ஸ் பியூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு, கறுப்புக் கோட்டுக்குள் ஒளிந்துகொண்டு, பயத்தை முறைப்பாக மாற்றிக் காட்டுகிற பெண்ணாக அவர் நடிப்பது படத்தின் பாதி பலம். மீதிப் பாதி அண்ணனாக வரும் ஜாக் லோடன். தேர்வாகாத ஆளின் கதை எப்போதுமே தேர்வான ஆளின் கதையைவிடச் சுவாரசியமானது, அது இந்தப் படத்துக்கும் தெரிந்திருக்கிறது. கண் தெரியாத ஒரு பையனுக்கு அவன் ரெஸ்லிங் கற்றுக்கொடுக்கிற காட்சிகள் வருகின்றன, ஒரு துளி சென்டிமென்ட் இசை குறைந்திருந்தால் அழுதே இருப்பேன்.

ரெஸ்லிங் பொய்தானே என்று கேட்பவர்களுக்கு இந்தக் குடும்பம் ஒரு பதில் வைத்திருக்கிறது: முடிவு பேசிவைத்தது, ஆனால் பொய்யில்லை. அப்பாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான், முப்பது வருடம் லேட்.

சிக்கல் ஃப்ளோரிடாவில் ஆரம்பிக்கிறது.

பெய்ஜ் பயிற்சி முகாமுக்குப் போய் இறங்குகிறாள். அங்கே அவளோடு சேர்ந்த பெண்கள் மூன்று பேர், மாடல், சியர்லீடர், டான்ஸர் வகையறா. பளபளவென்று இருக்கிறார்கள், ரெஸ்லிங் தெரியாது, கயிற்றில் ஓடக்கூட வரவில்லை. நம் கதாநாயகி மட்டும் வெளுத்த தோலும் கறுப்பு உடையும் உதட்டு வளையமுமாக ஒதுங்கி நிற்கிறாள், அவளுக்கு மட்டும்தான் வேலை தெரியும். இது திரைக்கதைக்கு ரொம்ப வசதி, ஆட்டுமந்தையில் ஒரு புலி என்று காட்டிவிடலாம். அப்புறம் அதே பெண்களில் ஒருத்திக்குக் குழந்தை இருக்கிறது, அவளும் கஷ்டப்பட்டுத்தான் வந்திருக்கிறாள் என்று ஒரு காட்சி வைத்து, பெய்ஜும் வருந்தி, நாமும் வருந்தி, எல்லோரும் தோழிகளாகிவிடுகிறார்கள். முதலில் மூன்று பேரைப் பொம்மையாக்கி வைத்துவிட்டுப் பிறகு பொம்மைக்கும் மனசு உண்டு என்று நமக்கே பாடம் எடுப்பது என்ன நியாயம்? இந்தப் பெண்கள் கடைசிவரை ஒப்புக்குச் சப்பாணிகள்தான், அவர்களில் ஒருத்திக்காவது ரிங்கில் ஒழுங்காக ஒரு சண்டை தரவில்லை.

அந்தக் காலத்தில் டபிள்யூடபிள்யூஇ மாடல்களைத் தேடித் தேடி எடுத்தது என்பது பொய்யில்லை. பல வருடம் அதுதான் கொள்கை. ஆனால் உண்மையான பெய்ஜ் பயிற்சி எடுத்த காலத்தில், என்எக்ஸ்டி என்கிற அந்தப் பயிற்சிக் களத்தில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த எம்மா. சாஷா பேங்க்ஸ், பெய்லி, ஷார்லட். 2013-ல் அயர்லாந்துக்காரி பெக்கி லிஞ்ச் வந்து சேர்ந்தார். பெண்கள் ரெஸ்லிங்கின் முகத்தையே மாற்றிய தலைமுறை அது, ஏறக்குறைய ஒரே கூரையின் கீழ். இந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது 2019 பிப்ரவரியில். அதே வருடம் ஏப்ரலில், டபிள்யூடபிள்யூஇ-யின் வருடாந்திரப் பெரிய திருவிழாவான ரெஸ்ல்மேனியாவின் கடைசிச் சண்டை, அதாவது மேடையின் பெரிய இடம், வரலாற்றில் முதன்முறையாகப் பெண்களுக்குப் போனது. ஆடிய மூவரில் இரண்டு பேர், பெக்கியும் ஷார்லட்டும், இந்தப் பயிற்சிக் களத்திலிருந்து வந்தவர்கள். படத்தில் இவர்களில் யாருக்கும் பாத்திரம் கிடையாது, மூன்று பிகினிப் பெண்கள்தான் இருக்கிறார்கள்.

இதைவிட மோசமானது பயிற்சியாளர் விஷயம். படத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் ஹட்ச் என்ற ஆள், வின்ஸ் வான் நடித்திருக்கிறார், விசில் ஊதிக்கொண்டு வாயைத் திறந்தால் நக்கலாக வரும் மாஸ்டர். ரசிக்கலாம், கதைக்காக உருவாக்கிய பாத்திரம் என்பதும் சரி. ஆனால் 2012-லேயே டபிள்யூடபிள்யூஇ தன் பயிற்சிக் களத்துக்கு ஒரு பெண்ணைப் பயிற்சியாளராக எடுத்திருந்தது. சாரா டெல் ரே என்ற பெயரில் ஆடிய சாரா அமாட்டோ. அந்தக் கம்பெனியில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவர்தான், அமெரிக்காவின் ஷிம்மர் என்ற பெண்கள் ரெஸ்லிங் அமைப்பின் முதல் சாம்பியனும் அவர்தான். எம்மா, சாஷா, பெய்லி எல்லோரும் அவரிடம் கற்றதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். பெண்கள் ரெஸ்லிங் பற்றிய படத்தில் அந்தப் பெண்ணை எடுத்துவிட்டு வின்ஸ் வானை நிறுத்தியிருக்கிறார்கள். டிக்கெட் விற்க ஒரு முகம் வேண்டும், புரிகிறது. ஆனால் தேர்ந்தெடுப்பதும் ஆண், திட்டுவதும் ஆண், மேலேயிருந்து வரம் கொடுக்க வருகிற ராக்கும் ஆண் என்றால் இது யார் கதை?

ராக் வரும் காட்சிகள் ஜாலியானவை, மறுக்கவில்லை. ஸாக்கை எதிரில் நிற்கவைத்து அவர் தன் பழைய வசன பாணியைக் காட்டும் இடத்தில் எனக்குள் இருந்த எட்டாம் வகுப்புப் பையன் எழுந்து நின்றுவிட்டான். ஆனால் சினிமாவில் குலசாமி மாதிரி இடைக்கிடை தோன்றி வாழ்க்கையைத் தூக்கிவிட்டுப் போவது கொஞ்சம் அதிகம்தான், தயாரிப்பாளரே குலசாமியாக வரும்போது இன்னும் அதிகம்.

காலக்கணக்கையும் கன்னாபின்னாவென்று சுருக்கியிருக்கிறார்கள். படத்தில் ஒரே தேர்வு, அதிலேயே எடுத்துவிடுகிறார்கள். உண்மையில் 2010 நவம்பரில் பெய்ஜை வேண்டாம் என்று அனுப்பினார்கள், 2011 ஏப்ரலில் மறுபடி முயன்றுதான் கிடைத்தது. அப்புறம் டாம்பாவில் இருந்த பழைய பயிற்சிக் களம், அதன் பிறகு என்எக்ஸ்டி என்று இரண்டு வருடத்துக்கும் மேல். அங்கே அவர் ஒன்றும் மைக்கைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்கவில்லை. டீவா என்று அந்தக் கம்பெனி பெண்களுக்கு வைத்திருந்த பளபளப்பு முத்திரைக்கு நேர் எதிரான ஆள் என்பதையே தன் பாத்திரமாக ஆக்கி ஜனங்களைக் கையில் எடுத்தார். 2013-ல் என்எக்ஸ்டி பெண்களுக்கு என்று தனிப் பட்டம் வந்தபோது இறுதிப் போட்டியில் எம்மாவை வென்று அதன் முதல் சாம்பியன் ஆனவர் அவர்தான். 2014 பிப்ரவரியில் அதே எம்மாவோடு இன்னொரு சண்டை, முடிந்தால் தேடிப் பாருங்கள், பெண்களுக்கு நேரம் கொடுத்தால் என்ன செய்வார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. படத்தில் இந்தப் பட்டமே இல்லை! ஒரு கிரிக்கெட் வீரர் படத்தில் ரஞ்சி டிராஃபியை மொத்தமாக வெட்டிவிட்டு, நெட் பிராக்டிஸில் அழுதவன் நேராக உலகக் கோப்பை பைனலில் இறங்கினான் என்று காட்டினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது.

எல்லாவற்றையும் சினிமாதானே என்று விட்டுவிடலாம். உண்மைக் கதை என்றால் நாலு விஷயத்தைச் சேர்ப்பார்கள், நாற்பதை வெட்டுவார்கள். என்னால் விட முடியாதது கிளைமாக்ஸ்.

2014 ஏப்ரல் 7, நியூ ஆர்லியன்ஸ். உண்மையில் அன்று நடந்தது இது. முந்தின நாள் ரெஸ்ல்மேனியாவில் பெண்கள் பதினான்கு பேரை ஒரே சண்டையில் தள்ளி ஏழு நிமிடத்துக்குள் முடித்திருந்தார்கள், மற்ற பதின்மூன்று பேரையும் சமாளித்து டபிள்யூடபிள்யூஇ-யின் பெண்கள் பட்டத்தைத் தக்கவைத்தவர் ஏஜே லீ. சராசரிக்கும் குள்ளமான உருவம், கான்வர்ஸ் ஷூ, கிறுக்குச் சிரிப்பு. அன்றைய தேதியில் 295 நாளாகப் பட்டம் அவர் கையில், அதற்கு முன் யாரும் அந்தப் பட்டத்தை அவ்வளவு நாள் வைத்திருந்ததில்லை. மறுநாள் ‘ரா’ என்ற வாராந்திர டிவி நிகழ்ச்சியில் அவர் பெருமையடித்துக்கொண்டிருக்கும்போது பெய்ஜ் வந்து வாழ்த்துகிறார், ஏஜே கிண்டலடிக்கிறார், அங்கேயே பட்டத்தைப் பணயம் வைக்கிறார், ஓரிரு நிமிடத்தில் தோற்கிறார். இருபத்தொரு வயதுப் பெண் முதல் நாளே சாம்பியன். அரங்கம் அலறுகிறது.

இதைப் படம் எப்படிக் காட்டுகிறது என்றால், குத்துச்சண்டைப் படங்களின் கடைசி ரவுண்டு மாதிரி. கதாநாயகி மைக்கை வாங்கிக்கொண்டு பேச வராமல் உறைந்து நிற்கிறாள், எதிரி ஏளனம் செய்து அடித்து நொறுக்குகிறாள், நாரிச்சில் குடும்பம் டிவி முன்னால் நகத்தைக் கடிக்கிறது, கதாநாயகி ஒரு கட்டத்தில் உள்ளுக்குள்ளிருந்து தைரியத்தைத் திரட்டி எழுந்து வீழ்த்துகிறாள். வெற்றி! லாஸ் ஏஞ்சல்ஸில் உண்மையான ‘ரா’ நிகழ்ச்சி முடிந்த கையோடு, வந்திருந்த கூட்டத்தை அப்படியே உட்காரவைத்து எடுத்தார்களாம், அந்தப் பிரம்மாண்டம் திரையில் தெரிகிறது. ஏஜேவாக வருபவரும் ஜெலினா வேகா என்ற உண்மையான ரெஸ்லர்தான். எல்லாம் சரி. ஆனால் முடிவு பேசிவைத்தது என்று இந்தப் படமே நமக்குச் சொன்னதே, அது எங்கே போனது? யார் ஜெயிப்பார்கள் என்பது தீர்மானமான ஒரு ஆட்டத்தில், ஜெயித்ததற்காக என்னை ஏன் அழச் சொல்கிறாய்?

அழக் காரணமே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பதினெட்டாம் போர் கூத்து பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். துரியோதனன் விழுவான் என்று தெரியாமலா விடிய விடிய ஊரே உட்கார்ந்திருக்கிறது? பாரதம் எழுதிய நாளிலிருந்து தெரியும். ஆனால் துரியோதனன் வேஷம் கட்டுகிறவர் சரியான ஆட்டக்காரராக இல்லாவிட்டால் பீமன் வெறும் தடித்த ஆளாகத்தான் தெரிவான். அடியை வாங்குகிறவன் வாங்குகிற விதத்தில்தான் அடித்தவனுக்குப் பலம் வருகிறது. ரெஸ்லிங்கும் அச்சு அசல் அதுதான். எதிரே நிற்பவர் உங்கள் கூட்டாளி, உங்கள் கழுத்து அவர் கையில், அவர் முதுகு உங்கள் கையில். அவர் சரியாக விழுந்தால்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

அன்று நியூ ஆர்லியன்ஸில் 295 நாள் சேர்த்த மொத்தச் செல்வாக்கையும் ஓரிரு நிமிடத்தில் ஒரு புதுப்பெண்ணிடம் கொட்டிவிட்டுப் போனவர் ஏஜே லீ. அந்த இரவின் கதை அதுதான். அதை எடுத்திருந்தால் எவ்வளவு புதிய படமாக இருந்திருக்கும்! திரைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நின்று எப்படி விழுவது, எங்கே பிடிப்பது, எப்போது முடிப்பது என்று பேசிக்கொள்கிற ஒரே ஒரு காட்சி, ஒருத்தி நடுங்குகிறாள், இன்னொருத்தி நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள், அவ்வளவு போதும். அதற்குப் பதிலாக ஏஜேயைப் படம் வெறும் வில்லியாக ஆக்கிவிட்டது. ரிங்குக்குள் அவர் போட்ட வேஷத்தையே ஆளின் குணம் என்று எடுத்துக்கொண்டு, வேஷம் கலைந்த பிறகு அவர் யார் என்ற பக்கமே திரும்பவில்லை.

வேடிக்கை என்னவென்றால் இந்த விஷயம் மெர்ச்சண்டுக்குத் தெரியாததில்லை. படத்தின் நடுவிலேயே அதை அழகாகக் காட்டியிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும் பெய்ஜ் உள்ளூர் ஷோவில் அண்ணனோடு ஆடுகிறாள். வயிறு முழுக்கப் பொறாமையோடு இருக்கும் ஸாக், பேசிவைத்ததை மீறி, நிஜமாகவே வலிக்கிற மாதிரி அவளைப் போட்டுத் தாக்கி, அவள் ஜெயிக்க வேண்டிய சண்டையைத் தான் பிடுங்கிக்கொள்கிறான். பார்க்கிற கூட்டத்துக்கு ஒன்றும் புரிவதில்லை, நமக்கும் அந்தக் குடும்பத்துக்கும் மட்டும் புரிகிறது. பேசிவைத்ததை மீறுவதுதான் ரெஸ்லிங்கில் துரோகம், ஒழுங்காகத் தோற்றுக் கொடுப்பதுதான் அன்பு. படத்திலேயே நல்ல ரெஸ்லிங் காட்சி அது, சின்ன ஹாலில், நாலு டியூப் லைட் வெளிச்சத்தில். இவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருக்கிற ஆள் கிளைமாக்ஸில் எல்லாவற்றையும் மறந்துபோனது எப்படி என்று யோசித்துப் பார்த்தேன்.

எனக்குத் தோன்றுகிற காரணம், முன்னால் மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன அந்தத் தயாரிப்பாளர் பெயர். தனித்துவமான ஒரு பெண்ணை அடையாளம் கண்டு, வாய்ப்பு கொடுத்து, தூக்கிவிட்ட கம்பெனி என்ற படம் டபிள்யூடபிள்யூஇ-க்கு வேண்டும். அந்தப் பட்டத்தின் பெயர் டீவாஸ் சாம்பியன்ஷிப். அந்தப் பெல்ட்டில் நடுவில் பெரிய வண்ணத்துப்பூச்சி, பொம்மைக் கடையில் பெண் குழந்தைகளுக்கு விற்கிற சாமான் மாதிரி இருக்கும். கறுப்பு உடுப்பும் முறைப்புமாக வந்த பெண் கடைசியில் அந்த வண்ணத்துப்பூச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், அதில் இருக்கிற முரண் படத்தில் யாருக்குமே கண்ணில் படவில்லை. இந்த ஒரு ஷாட்டை வைத்தே ஒரு கிண்டல் செய்திருக்கலாம், மெர்ச்சண்ட் அடிப்படையில் நகைச்சுவைக்காரர், கை துறுதுறுத்திருக்கும். அனுமதி கிடைத்திருக்காது என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

படம் முடிகிற இடத்துக்கு அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 2015 பிப்ரவரி 23 ‘ரா’ நிகழ்ச்சியில் பெல்லா சகோதரிகளுக்கு எதிராக பெய்ஜும் எம்மாவும் ஜோடி சேர்ந்து இறங்கினார்கள். என்எக்ஸ்டியில் அவ்வளவு நல்ல சண்டை கொடுத்த அதே இரண்டு பேர். சண்டை நீடித்தது ஏறக்குறைய அரை நிமிடம். மூன்று மணி நேர நிகழ்ச்சியில் அரை நிமிடம்! எரிமலைக் குழம்பு மாதிரி ரசிகர்கள் கொதித்து, பெண்களுக்கு வாய்ப்பு கொடு என்று ட்விட்டரில் விடிய விடிய ஓடியது. அதே வாரம் கம்பெனி முதலாளியின் மகளை நேரடியாகக் கூப்பிட்டு, பெண்கள் விற்பனையில் சாதனை செய்கிறார்கள், ஆனால் சம்பளமும் திரை நேரமும் ஆண்களுக்குக் கிடைப்பதில் ஒரு துண்டுதான் என்று பொதுவெளியில் எழுதியவர் யார் தெரியுமா? ஏஜே லீ. அங்கே வேலையில் இருக்கும்போதே. ஒன்றரை மாதத்தில் ஓய்வு பெற்றும் போய்விட்டார். 2016 ரெஸ்ல்மேனியாவில் டீவா என்ற பெயரையும் வண்ணத்துப்பூச்சியையும் ஒருவழியாகக் கழற்றிப் போட்டார்கள். அதற்கு வாய் திறந்தவர்களில் முக்கியமான ஒரு பெண்ணுக்கு இந்தப் படத்தில் கிடைத்தது வில்லி வேடம்.

அம்மா பாத்திரத்தைப் பற்றியும் கொஞ்சம் புலம்ப வேண்டும். லீனா ஹெடி கிடைத்த இடத்திலெல்லாம் அள்ளிக்கொண்டு போகிறார், ஆனால் கிடைத்த இடமே கொஞ்சம். நிஜத்தில் இந்த அம்மா சாதாரண ஆள் இல்லை. ஸ்வீட் சராயா என்ற பெயரில் ஆடியவர், மகளுக்குச் சராயா என்று பெயர் வைத்ததே தன் ரிங் பெயரைத்தான். வயிற்றில் ஏழு மாதம் என்பது தெரியாமலே ரிங்கில் ஆடிக்கொண்டிருந்தவர். நான் மேலே சொன்ன ஷிம்மரில் 2011-ல் அம்மாவும் மகளும் சேர்ந்தும் ஆடினார்கள், எதிரெதிராகவும் ஆடினார்கள், அடுத்த வருடம் அம்மா அங்கே பட்டமும் வாங்கினார். நாற்பதைத் தொட்ட வயதில்! மகள் அமெரிக்காவில் பட்டம் வாங்குவதற்கு முன்னால் அம்மா அமெரிக்காவில் சாம்பியன் என்பதைப் படம் ஒரு வரியில்கூடச் சொல்லாதது ஏன் என்றால், சொன்னால் நாரிச் குடும்பம் கிணற்றுத் தவளைகள் என்ற கட்டுமானம் உடைந்துவிடும். டபிள்யூடபிள்யூஇ-க்கு வெளியே பெண்கள் ரெஸ்லிங் என்று ஒரு பெரிய உலகம் இருந்தது என்பதும் வெளியே வந்துவிடும்.

சண்டைக் காட்சிகளின் எடிட்டிங் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ளோரன்ஸ் பியூ பயிற்சி எடுத்து நிறைய தானே செய்திருக்கிறார், பாராட்டலாம். ஆனால் கேமரா எப்போதும் முகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்கு உடம்பு எப்படி நகர்கிறது என்பது தெரியவே இல்லை. ரெஸ்லிங் ரசிகன் பார்க்க வருவது அந்த நகர்வைத்தானே. டான்ஸ் படத்தில் காலைக் காட்டாமல் முகத்தை மட்டும் காட்டுவது மாதிரி. பின்னணி இசையும் அப்படித்தான், அழ வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே கைக்குட்டையை நீட்டுகிறது.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றில் இரண்டரை நாரிச்சுக்கு. குடும்பத்தோடு பார்க்கலாமா என்றால், டீன் ஏஜ் பிள்ளைகள் வரை பரவாயில்லை, நிக் ஃப்ராஸ்ட் வாயைத் திறக்கும் இடங்களில் மட்டும் பெரியவர்கள் தண்ணீர் குடிக்க எழுந்து போகலாம்.

படம் வருவதற்கு முன்பே உண்மைக் கதை இன்னொரு முடிவைத் தொட்டிருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கழுத்தில் அறுவை சிகிச்சை, திரும்பி வந்த சில வாரங்களில் மறுபடி அதே கழுத்தில் அடி. 2018 ஏப்ரல் 9, ரெஸ்ல்மேனியாவுக்கு மறுநாள், பெய்ஜ் ரிங்கில் நின்று இனி ஆட முடியாது என்று அறிவித்தார். வயது இருபத்தைந்து. நடந்த இடம் நியூ ஆர்லியன்ஸ், நான்கு வருடத்துக்கு முன் பட்டம் வாங்கிய அதே அரங்கம். பிற்பாடு 2022-ல் வேறு கம்பெனிக்குச் சராயா என்ற சொந்தப் பெயரோடு திரும்பி வந்து, மறு வருடம் வெம்ப்ளி ஸ்டேடியத்தில், குடும்பத்தின் கண் முன்னால் பட்டம் வாங்கினார், அது தனிக் கதை.

முதல் தடவை பார்த்துவிட்டு அன்று ராத்திரியே 2014-ன் நிஜ வீடியோவைத் தேடிப் பார்த்தேன். எல்லோரும் பெய்ஜின் முகத்தைத்தான் பார்ப்பார்கள், பட்டத்தைக் கட்டிக்கொண்டு நம்ப முடியாமல் நிற்கிறாள், பார்க்க வேண்டியதுதான். நீங்கள் ஒரு தடவை மட்டும் ஏஜேயைப் பாருங்கள். ஜெயித்தவள் ரிங்கில் அழுதுகொண்டிருக்க, அதிர்ச்சியில் வாய் திறந்தபடி, நம்பவே முடியாத மாதிரி நடித்துக்கொண்டு, ஒரு நொடிகூட வேஷம் கலையாமல் நின்று, அரங்கத்தின் மொத்தக் கண்ணையும் அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறார். அதைப் பார்த்துவிட்டுப் படத்தின் கிளைமாக்ஸை மறுபடி போட்டேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.